கோடை வெப்பமும் பள்ளி விடுமுறையும்: பெற்றோருக்கு ஒரு பாடம்

மே மாதத்தின் இறுதி வாரம் வந்துவிட்டால், குழந்தைகள் நலப் பிரிவின் புறநோயாளர் அறையில் ஒரு கேள்வி எங்களிடம் தவறாமல் கேட்கப்படுகிறது. "டாக்டர், இந்த வெயிலில் பள்ளிக்கூடம் திறப்பார்களா?" என்பதே அக்கேள்வி. திறக்கும் நாளை அறிவிப்பது அரசின் பொறுப்பு. ஆயினும் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி அடங்கியிருக்கிறது: "திறந்தால், என் பிள்ளையை அனுப்பலாமா?" இதற்கு விடை கூறும் கடமை எங்களுக்கு உண்டு. அந்த விடையை ஒரு சொல்லில் கூற இயலாது. எனவே இவ்விதழில் அதனை ஒரு பாடமாகவே எழுதுகிறோம்.

குளிருக்குப் பள்ளியை மூடும் ஊர்கள்

வெளியூரில் வாழும் உறவினர் வழியாகவும் செய்தித்தாள் வழியாகவும் குளிர்கால விடுமுறையைப் பற்றி நாம் அறிவோம். 2024 ஜனவரியில் தில்லியில் குளிர் கடுமையாக இருந்தமையால், மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அம்மாதம் 12ஆம் நாள் வரை விடுமுறை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2014 ஜனவரி 6 அன்று, உறைகுளிரை முன்னிட்டு மாநிலம் முழுவதும் பள்ளிகளை மூடுமாறு ஆளுநர் ஆணையிட்டார். கனடாவில் குளிர் மிகுந்த நாள்களில், பல ஊர்களில் பள்ளி திறந்தே இருக்கும். இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விடாமல் கட்டடத்திற்குள் வைத்திருப்பார்கள்.

ஒரே வகையான குளிருக்கு ஓரிடத்தில் மூடுகிறார்கள், மற்றோரிடத்தில் திறந்து வைக்கிறார்கள். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றுதான். அங்கே வகுப்பறை சூடேற்றப்பட்டது. பிள்ளைக்கு அபாயம் நேர்வது பேருந்துக்குக் காத்து நிற்கும் தெருவில். காற்றின் வேகத்தையும் கணக்கில் கொண்ட குளிர் அளவு சுழியத்திற்குக் கீழே 28 டிகிரி செல்சியசைக் கடந்தால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். ஆகவே அவர்கள் எழுப்பும் கேள்வி "எத்தனை டிகிரி?" என்பதோடு முடிவதில்லை, "அந்த நேரத்தில் பிள்ளை எங்கே நிற்கும்?" என்றும் அவர்கள் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்வியை நம் ஊருக்கும் கொண்டுவருவதே இப்பாடத்தின் நோக்கம்.

திருச்சிராப்பள்ளியில் குளிருக்காகப் பள்ளியை மூடும் நிலை எழுவதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், சமவெளியில் இரவு வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்கும் கீழே இறங்கி, அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருந்தால்தான் குளிர் அலை எனப்படும். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபத வாசல் திறப்பதைக் காணச் சால்வை போர்த்து நிற்கிறோமே, அந்த மார்கழிக் குளிர்கூடப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியதுதான். நம் பிள்ளைகளைச் சோதிக்கும் பருவம் கோடை.

நம் ஊரின் வெயில்

திருச்சி உள்நாட்டு ஊர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நண்பகலை ஒட்டி வீசி வெப்பத்தைத் தணிக்கும் கடற்காற்று, உச்சிவெயில் வேளையில் இங்கு எட்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதனால், கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன் மாதத்திலும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வறண்ட மேலைக்காற்றே. கத்திரி வெயில் மே 28ஆம் நாள் வாக்கில் முடிந்துவிட்டது என்று பஞ்சாங்கம் கூறினாலும், ஜூன் மாதப் பகல் வெப்பம் மே மாதத்தைவிடச் சிறிதளவே குறைவு. பள்ளி திறக்கும் நாளும் வெயில் தணியும் நாளும் ஒன்றாக அமையாததற்கு இதுவே காரணம்.

அண்மை ஆண்டுகளின் வரலாறு இதைக் காட்டுகிறது. 2017இல் பள்ளிகள் ஜூன் 1க்குப் பதிலாக ஜூன் 7 அன்று திறக்கப்பட்டன. 2023இல் ஜூன் முதல் வாரத்தில் திறப்பதாக இருந்த பள்ளிகள், முதலில் ஜூன் 7க்குத் தள்ளிவைக்கப்பட்டன. பின்னர் 6 முதல் 12 வரையிலான வகுப்புகள் ஜூன் 12 அன்றும், 1 முதல் 5 வரையிலான வகுப்புகள் ஜூன் 14 அன்றும் தொடங்கின. 2024இல் ஜூன் 6 என்பது ஜூன் 10 ஆயிற்று. 2025இல் ஜூன் 2 அன்றே பள்ளிகள் திறந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்போர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கவும் அதில் வழி செய்யப்பட்டது.

நாம் தனித்தும் இல்லை. 2024இல் இயற்கைச் சீற்றங்களால் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 லட்சம் மாணவரின் படிப்பு தடைப்பட்டதாக யுனிசெப் கணக்கிட்டது. அவற்றுள் முதலிடம் வெப்ப அலைக்கே. வங்கதேசத்திலும் பிலிப்பைன்சிலும் அவ்வாண்டு ஏப்ரலில் வெப்பத்தின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன.

வெப்பமானி கூறுவதும் கூறாததும்

நாளிதழில் "திருச்சியில் 104 டிகிரி" என்று படிக்கிறோம். அது பாரன்ஹீட் அளவு, செல்சியசில் 40. அந்த எண் எங்கே அளக்கப்படுகிறது என்பதை நாம் பொதுவாக எண்ணிப்பார்ப்பதில்லை. விமான நிலையத்தில் உள்ள வானிலை நிலையத்தில், வெண்மை பூசிய, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் வைத்து அளக்கப்படும் நிழல் வெப்பம் அது. வெயிலில் நிற்கும் பிள்ளையின் உடல் ஏற்பது அதனினும் மிகுதி. தார்ச்சாலையும் கோயில் பிராகாரத்தின் கல் தளமும் காவிரி மணலும் நண்பகலில் எவ்வளவு சுடும் என்பதை வெறுங்காலோடு நடந்தவர் அறிவர்.

ஈரப்பதம் கூறும் கதை வேறு. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. 32 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடலுக்கு அது 41 டிகிரி போலத் தோன்றும். 40 டிகிரியோடு 40 விழுக்காடு ஈரப்பதம் சேர்ந்தால் 48 டிகிரி போலத் தோன்றும். எனவே ஒரு நாளிதழ் எண்ணை மட்டும் கொண்டு "இன்று வெயில் குறைவு" என்று முடிவு செய்தல் தவறு.

வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை என்று எதைக் கூறுகிறது? சமவெளியில் பகல் வெப்பம் குறைந்தது 40 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை மிகுந்திருக்க வேண்டும். அல்லது வெப்பம் 45 டிகிரியைத் தொட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. திருச்சியில் மே மாதத்தின் இயல்பே 38 டிகிரியை ஒட்டியது. ஆகவே 41 டிகிரி அடிக்கும் நாள், துறையின் இலக்கணப்படி வெப்ப அலை நாள் ஆகாமல் போகலாம். பெயர் கிடைக்காததனால் அந்த வெயில் பிள்ளையைச் சுடாமல் இருப்பதில்லை. எச்சரிக்கை வரவில்லை என்பதை அபாயம் இல்லை என்று கொள்ளுதல் கூடாது.

பிள்ளையின் உடல்

நம் உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டி நிற்கிறது. வெளிக்காற்று தோலின் வெப்பத்தை, அதாவது ஏறத்தாழ 35 டிகிரியைக் கடந்துவிட்டால், காற்று உடலைக் குளிர்விப்பதற்கு மாறாகச் சூடேற்றத் தொடங்குகிறது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. வியர்வைக்கு நீர் வேண்டும், உப்பும் வேண்டும்.

சிறுவர் உடல் பெரியவர் உடலைவிட வெப்பத்தைத் தாங்காது என்று முன்பு பொதுவாகக் கருதப்பட்டது. கைக்குழந்தைகளுக்கும் மிகச் சிறியவர்களுக்கும் அது இன்றும் பொருந்தும். பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2011இல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. போதிய நீரும் ஓய்வும் படிப்படியான பழக்கமும் கிடைத்தால், நலமாக உள்ள பிள்ளைகள் பெரியவரைப் போலவே வெப்பத்தைத் தாங்குகின்றனர் என்பது அதன் தெளிவு. இதன் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். வெப்பத்தால் பள்ளிப் பிள்ளைக்கு நேரும் தீங்கு பெரும்பாலும் தடுக்கக்கூடியது. அதைத் தடுக்கும் பொறுப்பு, எப்போது விளையாட வேண்டும், எப்போது நீர் அருந்த வேண்டும் என்று விதிக்கும் பெரியவர்களாகிய நம்மிடம் இருக்கிறது.

படிப்படியான பழக்கம் என்றோம். உடல் வெப்பத்திற்குப் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகின்றன. கோடை விடுமுறை முழுவதும் வீட்டிற்குள் மின்விசிறியின் கீழோ குளிரூட்டிய அறையிலோ இருந்த பிள்ளை, ஜூன் மாதத்தில் ஒரு காலைப்பொழுதில் காலணி, காலுறை, கழுத்துப்பட்டை அணிந்து, இறைவணக்கக் கூட்டத்தில் வெயிலில் அரைமணி நேரம் நிற்கிறது. காலை உணவும் உண்ணவில்லை என்றால் மயங்கி விழுவதில் வியப்பில்லை. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்கள் ஆண்டின் மற்ற நாள்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டுவன. திறக்கும் நாளை ஒரு வாரம் தள்ளினாலும் இந்தத் தேவை தள்ளிப்போகுமேயன்றி நீங்காது.

பள்ளியை மூடினால் பிள்ளை எங்கே இருக்கும்?

ஒரே சிறுவன், ஒரே நாள். இரண்டு விதமாக எண்ணிப் பார்ப்போம். நான்காம் வகுப்பில் படிக்கும் அவன் வீடு திருவரங்கத்தின் வடபுறம், கொள்ளிடக் கரையை ஒட்டியது; தகரக் கூரை வேய்ந்தது. தந்தை காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறார். தாய் என்.எஸ்.பி. சாலையில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை செய்கிறார். இருவரும் காலை எட்டரை மணிக்கு வெளியே சென்றால் இருட்டிய பின்னரே திரும்புவர். அன்று பகல் வெப்பம் 41 டிகிரி.

பள்ளி திறந்திருந்தால், அவனுக்குக் காலை உணவும் நண்பகல் சத்துணவும் கிடைக்கும். காங்கிரீட் கூரையும் மின்விசிறியும் உள்ள அறையில் ஆசிரியரின் கண்பார்வையில் இருப்பான். அபாயம் அவனுக்கு நேரக்கூடிய இடங்கள் இரண்டு: காலைக் கூட்டமும், மாலை நான்கு மணிக்கு வீடு திரும்பும் வழியும்.

பள்ளி மூடியிருந்தால், தகரக் கூரையின் கீழ் பதினோரு மணிக்கு மேல் அவனால் இருக்க இயலாது. நண்பர்களோடு மட்டையும் பந்துமாக ஆற்று மணலுக்குச் செல்வான். உண்டானா, நீர் அருந்தினானா என்று கேட்க ஆளில்லை. வெப்பம் தாளாமல் எங்கேனும் தேங்கிய நீரைக் கண்டால் இறங்குவான். காவிரியிலும் கொள்ளிடத்திலும் பள்ளங்கள் எங்கே உள்ளன என்பது நீர் மட்டத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். நீர் இருப்பு இடந்தரும் ஆண்டுகளில், நேற்றுவரை விளையாட்டுத் திடலாக இருந்த மணலில் சில நாள்களில் வெள்ளம் வந்துவிடும். பள்ளி திறப்பு தள்ளிப்போகும் நாள்களும் அவையே.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். அன்றிலிருந்தே நம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளி என்பது பாடம் கற்கும் இடம் மட்டுமன்று. அன்றைய நாளின் உறுதியான உணவு கிடைக்கும் இடமும் ஆகும். விடுமுறை அறிவிப்பைக் கேட்டு மகிழும் முன், அந்தக் கதவு மூடப்படும்போது எந்தப் பிள்ளைக்கு எது இல்லாமற் போகிறது என்று எண்ணுதல் நம் அனைவரின் கடமை.

இதே சிறுவனின் பள்ளியும் தகரக் கூரையுடையதாக, நீர்க் குழாய் வறண்டதாக இருந்தால் கணக்கு மாறிவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விடுமுறை ஒரு பிள்ளையைக் காப்பது, அவன் வீடு பள்ளியைவிடக் குளிர்ச்சியாகவும் பாதுகாப்பாகவும் இருந்தால் மட்டுமே.

அப்படியானால் எப்போது மூட வேண்டும்?

மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பதை நாம் அறிவோம். கோடைக்குப் பின் பள்ளி திறக்கும் நாளை மாநிலம் முழுவதற்கும் பள்ளிக் கல்வித் துறை அறிவிக்கிறது. அந்த அதிகாரம் எங்களுடையதன்று. மருத்துவர் என்ற முறையில் எங்கள் கருத்தை மட்டும் கூறுகிறோம்.

முழு விடுமுறைக்கு முன்பு செய்யத்தக்க செயல்கள் பல உண்டு. தெலங்கானாவில் மார்ச் நடுப்பகுதியிலிருந்து கோடை விடுமுறை வரை பள்ளிகள் காலை எட்டு மணி முதல் பன்னிரண்டரை மணி வரை அரைநாள் இயங்குகின்றன. நண்பகல் உணவு தந்த பின்னரே பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். அகமதாபாத் நகரம் 2010ஆம் ஆண்டின் கொடிய வெப்ப அலையில் கற்ற பாடத்தினால் 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. எந்த அளவு வெப்பத்திற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்ததே அதன் சிறப்பு. கேரளப் பள்ளிகளில் 2019இல் பரவிய தண்ணீர் மணி, 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. மணி அடித்தால் அனைவரும் நீர் அருந்த வேண்டும் என்பதே அது. செலவில்லாத நல்ல மருந்து.

எங்கள் கருத்தில், மஞ்சள் எச்சரிக்கை உள்ள நாள்களில் வெயிலில் கூட்டமும் விளையாட்டும் நிறுத்தப்பட வேண்டும். ஆரஞ்சு எச்சரிக்கை நாள்களில் அரைநாள் பள்ளி போதும். ஆனால் உச்சிவெயிலில் பிள்ளைகளைச் சாலையில் விடுவது அரைநாளின் பயனைக் கெடுத்துவிடும் என்பதால், வீடு திரும்பும் ஏற்பாட்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை நாள்களிலும், நீர், நிழல், மின்விசிறி ஆகியவற்றுள் ஒன்றேனும் பள்ளியில் இல்லாத நாள்களிலும் மூடுவதே தக்கது. இரவிலும் வெப்பம் தணியாத நாள்கள் தொடர்ந்தால் கூடுதல் கவனம் வேண்டும். உறங்காத உடல் மறுநாள் வெயிலைத் தாங்குவதில்லை. மூடும் நாள்களிலும் உணவு வழங்க வழி செய்தல் வேண்டும்.

அரசு விடுமுறை விடாவிட்டாலும் வீட்டில் நிறுத்த வேண்டிய பிள்ளைகள்

பொது அறிவிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருக்கும். பிள்ளைகளின் உடல் அப்படி இருப்பதில்லை. கடும் வெயில் நாளில் கீழ்க்கண்ட பிள்ளைகளை வீட்டில் நிறுத்தலாம், அல்லது அனுப்பும் முன் எங்களைக் கலந்துகொள்ளலாம்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று உள்ளவர்களும், அவற்றிலிருந்து தேறி ஓரிரு நாள்களே ஆனவர்களும் முதலிடம் பெறுவர். அவர்கள் உடலில் நீர் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்கள் அடுத்தவர்கள். டோபிராமேட், சோனிசமைடு போன்ற சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். ஒவ்வாமைக்கான சில மருந்துகளுக்கும் இத்தன்மை உண்டு. மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா, நீரிழிவு, மிகுந்த உடற்பருமன் உள்ள பிள்ளைகளுக்குத் தனித்தனி அறிவுரை வேண்டும். இன்சுலின் போடும் பிள்ளையின் மருந்தைப் புத்தகப்பையில் வெயிலில் சுமக்க விடலாகாது. வெப்பத்தில் அதன் வீரியம் குறையும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், நீர் தெளித்து ஈரமாக வைத்த மண்பானைக்குள் மருந்துக் குப்பியை நீர் படாத உறையிலிட்டு வைக்கலாம். சிறுநீரகம் செயல் குன்றியவர்க்கு இளநீரும் மிகுதியான நீரும் தீங்கு செய்யக்கூடும். அவர்கள் எவ்வளவு பருகலாம் என்பதை மருத்துவரே அளந்து கூற வேண்டும்.

பள்ளிக்கு அனுப்பும் நாள்களில்

காலை உணவின்றி அனுப்பாதீர்கள். நீராகாரமோ மோரோ ஒரு குவளை பருகிவிட்டுச் செல்வது நன்று. ஒரு லிட்டர் நீர்ப்புட்டி பையில் இருக்கட்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பதைவிட, பாடவேளைக்கு ஒருமுறை சில மிடறு குடிப்பது சிறந்தது. விளையாடும்போது 9 முதல் 12 வயதுப் பிள்ளை இருபது நிமிடத்திற்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிலிட்டர் வரை அருந்த வேண்டும்.

போதிய நீர் அருந்தினார்களா என்று அறியச் சிறுநீரின் நிறமே எளிய சான்று. வைக்கோல் நிறமாக இருந்தால் போதும்; அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் போதவில்லை. பெண் பிள்ளைகள் சிலர், பள்ளிக் கழிப்பறைக்குச் செல்ல நேருமே என்று அஞ்சிக் காலை முதல் மாலை வரை நீரே அருந்துவதில்லை. சிறுநீர்த் தொற்றும் வெப்பச் சோர்வும் அதனால் வருகின்றன. இதனை உங்கள் மகளிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்; கழிப்பறை தூய்மையற்றது என்றால் பள்ளியிடம் பேசுங்கள். அது மருத்துவப் பிரச்சினையே.

வெளிர்நிறத் தளர்வான பருத்தி ஆடை, குடை அல்லது தொப்பி, காலுக்குச் செருப்பு ஆகியவை வெயிலைக் குறைக்கும். காலுறையும் கழுத்துப்பட்டையும் ஜூன் மாதத்தில் வேண்டாமே என்று பள்ளியிடம் கேட்பதில் தவறில்லை. நுங்கு, வெள்ளரி, தர்ப்பூசணி, பானகம் ஆகியவை நல்லவை. தெருவில் விற்கும் பனிக்கட்டி எந்த நீரில் செய்யப்பட்டது என்று அறியாமல் வாங்கித் தராதீர்கள். மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் அவ்வழியே வரலாம். நிறுத்திய காருக்குள் பிள்ளையை ஐந்து நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

மயங்கினால் செய்ய வேண்டியவை

வெப்பச் சோர்வும் வெப்பத்தாக்கும் வெவ்வேறு. தலைவலி, குமட்டல், தளர்ச்சி, மிகுந்த வியர்வை, கால் தசைப்பிடிப்பு ஆகியவை இருந்து, பிள்ளை தெளிவாகப் பேசினால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்றே உயர்த்தி, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கலக்கித் தரலாம். அரைமணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவமனைக்கு வாருங்கள்.

பிள்ளை பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, அழைத்தும் விழிக்காவிட்டாலோ அது வெப்பத்தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் அப்போது 40 டிகிரியைக் கடந்திருக்கும். வியர்வை வறண்டிருக்கலாம், ஓடி விளையாடிய பிள்ளைக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். ஆகவே வியர்வையைப் பார்க்காமல் அறிவு நிலையைப் பாருங்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு நிமிடமும் மூளையையும் சிறுநீரகத்தையும் காக்கிறது. வாளி வாளியாக நீர் ஊற்றுங்கள், விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றி கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அறிவு தெளியாத பிள்ளையின் வாயில் நீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் செல்லும். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. கிருமியால் வரும் காய்ச்சலுக்கும் இதற்கும் காரணம் வேறு.

பாடத்தைச் சரிபார்த்துக்கொள்ள

இவ்விதழை மூடி வைக்கும் முன் ஐந்து கேள்விகளுக்கு விடை கூறிப் பாருங்கள். இன்றைய எச்சரிக்கை என்ன நிறம்? நம் பிள்ளையின் வகுப்பறைக்கு எந்தக் கூரை? விடுமுறை விட்டால் நண்பகலில் அவன் எங்கே, யாருடன் இருப்பான்? அவன் உண்ணும் மருந்துகளில் வியர்வையைக் குறைப்பது ஏதேனும் உண்டா? அவன் மயங்கினால் முதல் நிமிடத்தில் நாம் என்ன செய்வோம்?

ஐந்திற்கும் விடை தெரிந்த பெற்றோர், பள்ளி திறந்தாலும் மூடினாலும் கலங்க வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை தெரியாதவர்கள், பக்கத்து வீட்டாரிடம் இன்றே பேசுங்கள். நண்பகலில் வீட்டிலிருக்கும் ஒரு பாட்டியார், நான்கு பிள்ளைகளைத் தம் வீட்டுத் திண்ணை நிழலில் அமர்த்தி மோர் கொடுத்து வைத்திருந்தால், அந்தத் தெருவிலிருந்து எந்தப் பிள்ளையும் வெப்பத்தாக்கோடு எங்களிடம் வராது. அவ்வாறு எவரும் வராத கோடையையே நாங்கள் விரும்புகிறோம்.